கூலிப் பாதைகளில் வளர்ந்த திருச்சபை

1919-ஆம் ஆண்டில் இந்திய லுத்தரன்களுக்கு இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. முதலாவது நம் பக்கம். தரங்கம்பாடி மிஷன் வழி வந்த சபைகள் அந்த ஆண்டு ஜனவரி 14 அன்று, பொங்கலையொட்டி, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக ஒன்றுகூடின. ஆறு மாதம் கழித்து ஜூலை 10 அன்று ராஞ்சியில் இன்னொரு சபை, இனி எங்களை நாங்களே ஆளுவோம் என்று அறிவித்தது. அதன் பெயர் கோஸ்னர் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. உறுப்பினர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆதிவாசிகள்: முண்டாக்கள், ஒராவோன்கள், கரியாக்கள், ஹோக்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புதிர் எழுகிறது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு கரையிறங்கியது 1706-இல். 1733-இலேயே ஆரோன் என்ற தமிழர் குருவானவராக அபிஷேகம் பெற்றுவிட்டார். ஆனாலும் 1919-இல் உருவான தமிழ்ச் சபையின் முதல் பேராயர் ஒரு சுவீடன்காரர். தமிழர் ஒருவர், ராஜா மாணிக்கம், அந்தப் பொறுப்புக்கு வர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராஞ்சியில் பெரியவர்கள் திருமுழுக்குப் பெறத் தொடங்கியதே 1850-இல்தான். ஆனால் 1919-இல் அந்தச் சபையின் முதல் தலைவராக அமர்ந்தவர் ஹனுக் தத்தோ லக்ரா என்ற ஒராவோன் குருவானவர். செயலாளர் பீட்டர் ஹுராத். தமிழ்ச் சபை 213 ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் எட்டாத இடத்தை, எழுத்து வடிவம் பெற்றுச் சில பத்தாண்டுகளே ஆன மொழிகளைப் பேசிய உழவர்கள் 69 ஆண்டில் எட்டினார்கள். அது எப்படி நடந்தது?

உடனடிக் காரணம் போர். முதல் உலகப்போரில் ஜெர்மானியர் எதிரி நாட்டார் ஆனார்கள். 1915-இல் ராஞ்சி மிஷனின் ஜெர்மானியர்களைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்து நாடு கடத்தியது. தமிழ்நாட்டிலும் லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர்கள் போனார்கள். அவர்கள் இடத்துக்கு சுவீடன்காரர்கள் வந்தார்கள். ராஞ்சிக்கு அப்படி ஒரு சுவீடன் கிடைக்கவில்லை. ஆங்கிலிக்கன் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் சில ஆண்டுகள் மேற்பார்வை பார்த்தார். அவருடைய சபையோடு இணைந்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. ஆதிவாசிச் சபையார் அதை ஏற்கவில்லை. மேலிடம் காலியானபோது கீழே எல்லாம் இயங்கிக்கொண்டிருந்ததால்தான் அவர்களால் மறுக்க முடிந்தது. அந்தக் கீழ்த்தள இயந்திரம் எப்படி உருவானது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

கதையின் வேர் பெர்லினில் இருக்கிறது, அதுவும் ஒரு சிறுபான்மையினரின் கோயிலில். இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த அகதிகளுக்காக 18-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் பெத்லகேம் ஆலயம் கட்டப்பட்டது. பின்னாளில் அங்கே குருவானவராக இருந்தவர் யோஹன்னஸ் கோஸ்னர். கத்தோலிக்கப் பாதிரியாராக வாழ்வைத் தொடங்கி, நடுவயதில் புராட்டஸ்டண்ட் ஆனவர். 1836-இல், அறுபதைக் கடந்த வயதில், சொந்தமாக ஒரு மிஷனைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பட்டதாரிகளை மட்டும் தேடாமல் தச்சர், நெசவாளர் போன்ற கைத்தொழில்காரர்களையும் அனுப்பினார். போகிற இடத்தில் உழைத்துச் சாப்பிட வேண்டும், பெர்லினிலிருந்து சம்பளம் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

1844 இறுதியில் எமில் ஷாட்ஸ், அகஸ்ட் பிராண்ட், ஃபிரெட்ரிக் பாட்ஷ், தியோடோர் யாங்க்கே என்ற நால்வர் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அவர்கள் எண்ணம் பர்மா பக்கம் போவது. கல்கத்தாத் தெருக்களில் சாலை வேலை செய்துகொண்டிருந்த கூலிகளைக் கண்டு, இவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று விசாரித்தார்கள் என்று சபை வரலாறு சொல்கிறது. சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்துக்காரர்கள் என்று பதில் வந்தது. பர்மாப் பயணம் அதோடு நின்றது. 1845 நவம்பர் 2 அன்று நால்வரும் ராஞ்சி சேர்ந்தார்கள்.

அந்தக் கூலிகளை அப்போது கல்கத்தாவில் ‘தாங்கர்’ என்பார்கள். உலகத் தொழிலாளர் வரலாற்றிலேயே முக்கியமான பெயர் அது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டபோது, மொரீஷியஸுக்கு ‘அட்லஸ்’ கப்பலில் போன 36 பேரும் கல்கத்தாவில் சேர்க்கப்பட்ட இந்த மலைக் கூலிகள்தான். அவர்கள் மொரீஷியஸில் இறங்கியது 1834 நவம்பர் 2. சரியாகப் பதினோரு ஆண்டு கழித்து அதே தேதியில் மிஷனரிகள் ராஞ்சியில் கால் வைத்தார்கள். கூலிப் பாதை வெளியே போகும் வழி. மிஷன் அதே பாதையில் எதிர்த்திசையில் உள்ளே போயிற்று. பிறகு சபை அந்தப் பாதையிலேயே வெளியேயும் பரவியது.

ஏன் இத்தனை பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள்? விடை நிலத்தில் இருக்கிறது. முண்டாக்களின் நிலமுறைக்குக் ‘கூண்ட்கட்டி’ என்று பெயர். காட்டை முதலில் வெட்டித் திருத்தியவர் எவரோ, அவர் வம்சம் முழுவதற்கும் அந்த ஊர் சொந்தம். தனி ஆள் பட்டா கிடையாது. அத்தாட்சி என்ன என்று கேட்டால் ஊர் எல்லையிலுள்ள ‘சசான்’ என்ற இடுகாட்டுக்கு அழைத்துப் போவார்கள். அங்கே தரையோடு தரையாகப் பெரும் பலகைக் கற்கள் படுத்திருக்கும். ‘சசான்திரி’ என்று பெயர். கல்லின் அடியில் ஒரு குலத்தின் முன்னோர் எலும்புகள், தலைமுறை தலைமுறையாக. எந்தக் குலத்தின் கல் அங்கே இருக்கிறதோ, அந்தக் குலத்தின் ஊர் அது. இதைவிடப் பழைய, திருத்த முடியாத நில ஆவணம் வேறு எங்கே இருக்கும்?

ஆனால் நீதிமன்றம் காகிதம் கேட்டது. உள்ளூர் ராஜாவிடம் குத்தகை பெற்று வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களும் டிக்காதார்களும் காகிதம் வைத்திருந்தார்கள். கல்லின் சொந்தக்காரர்கள் தங்கள் நிலத்திலேயே வெட்டி வேலை செய்யும் நிலை வந்தது. மிஷனரிகளுக்கு நீதிமன்ற மொழி தெரியும், மனு எழுதத் தெரியும், அதிகாரிகளைப் பார்த்துப் பேச முடியும். ஊர் ஊராக மக்கள் சபைக்கு வந்ததற்கு இது ஒரு வலுவான காரணம். இதைச் சொல்வதால் அவர்கள் விசுவாசம் குறைந்துவிடாது. தங்கள் பக்கம் நின்றவர்களோடு அவர்கள் சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் யாரும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாலரை ஆண்டுக்கு மேல் ஒரு பெரியவர்கூடச் சேரவில்லை. போய்விடலாமா என்று மிஷனரிகள் பெர்லினுக்கு எழுத, கோஸ்னர் அங்கேயே இருக்கச் சொன்னார். 1850 ஜூன் 9 அன்று நான்கு ஒராவோன்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே ராஞ்சியில் கோதிக் பாணியில் ஒரு பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கையில் இருந்த சபையின் அளவை நினைத்தால் அது பெரும் துணிச்சல். 1855 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆலயம் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1857 கிளர்ச்சியின்போது, சிப்பாய்கள் அதன்மேல் பீரங்கி திருப்பினார்கள். மிஷனரிகள் கல்கத்தாவுக்கு ஓட, சபையார் காடுகளில் ஒளிந்தார்கள். குண்டு பட்ட தடத்தை ராஞ்சியில் இன்றும் காட்டுவார்கள். ஆலயம் விழவில்லை. மேய்ப்பர்கள் இல்லாத அந்த மாதங்களில் சபையும் சிதறவில்லை. 1915-க்கு அது முதல் ஒத்திகை.

இப்போது இயந்திரத்துக்குள் நுழையலாம். அதன் அடிப்படை அலகு ‘மண்டலி’, அதாவது ஓர் ஊர்ச் சபை. மண்டலியை நடத்துபவர் ‘பிரச்சாரக்’, நம் ஊர்ச் சபைகளில் உபதேசியார் என்கிறோமே, அவர்தான். அதே ஊர்க்காரர், அதே மொழி பேசுபவர், பெரும்பாலும் சொந்த வயலும் உண்டு. பல மண்டலிகள் சேர்ந்தால் ஓர் ‘இலாக்கா’. அதற்கு ஒரு குருவானவர். அதற்கு மேலே பிரதிநிதிகள் கூடும் பெரிய சபை. இந்த அடுக்கு மேட்டுநிலத்துக்குப் புதிதல்ல. ஒராவோன்களிடம் பல ஊர்கள் சேர்ந்த ‘பட்ஹா’ என்ற கூட்டமைப்பு முன்பே இருந்தது. முண்டாக்களிடம் ஊர்த் தலைவர் ‘முண்டா’, பல ஊர்களுக்கு ‘மான்கி’. மிஷன் புத்தகத்தில் எங்கும் இதைப் பார்த்துச் செய்தோம் என்று எழுதியிருக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பேசி, ஒரு முடிவுக்கு வரும் பழக்கம் அந்த மக்களின் கையில் முன்பே இருந்தது. 1919-இல் சபையைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பழக்கம்தான் என்பது என் கணிப்பு.

எரிபொருள்? பிடியரிசி. தென்மாவட்டத் திருச்சபைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த வழக்கம். சோட்டாநாக்பூரில் ‘முட்டி’ என்பார்கள். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் போட்டு வைப்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு பிடி 50 கிராம், நாளைக்கு இரண்டு வேளை உலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3 கிலோ. ஐம்பது வீடுள்ள ஊரில் 150 கிலோ. ஒரு பிரச்சாரக் குடும்பம் சாப்பிட்டு மீதியை விற்றுப் பள்ளிக்கூடக் கூரையும் மாற்றலாம். பணம் புழங்காத பொருளாதாரத்தில், காசே இல்லாமல் ஒரு நிர்வாகம் ஓடியது. அறுப்பின் பண்டிகைக் காணிக்கை தனி. ஜெர்மனியிலிருந்து வந்த பணம் 1915-இல் நின்றபோதும் உலைகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

இந்த மண்டலிகளில் பேசிய மொழிகளைப் பார்த்தால் இன்னும் பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது. முண்டாரி, கரியா, ஹோ மூன்றும் ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பம். அவற்றின் தூரத்து உறவுகள் கம்போடியாவின் கெமர், வியட்நாமிய மொழி. சந்தையில் எல்லோரும் பேசிக்கொள்ளும் சாத்ரி, இந்திய-ஆரியக் குடும்பம். ஒராவோன்களின் குரூக்? அது திராவிட மொழி. சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் 1,200 கிலோமீட்டருக்கு அப்பால், நடுவில் ஒடியாவும் வேறு பல மொழிகளும் கிடக்க, நம் மொழியின் உறவு ஒன்று மேட்டுநிலத்தில் வாழ்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 20 லட்சம் பேர் பேசுகிறார்கள். இடையன்குடியில் உட்கார்ந்து திராவிட ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அதையும் தம் பட்டியலில் சேர்த்திருந்தார்.

குரூக்கைக் கிட்டே போய்க் கேட்போம். தொண்டையின் பின்பக்கம் உரசி வரும் ஓர் ஒலி அதில் உண்டு. தமிழில் ஆய்தம் போட்டு ‘ஃக’ என்று எழுதலாம். கண்ணுக்கு ஃகன். பல்லுக்குப் பல். எண்கள்: ஒன்த், ஏன்த், மூன்த், நாஃக். ஐந்திலிருந்து மேலே அக்கம்பக்க மொழிகளிடம் கடன். ஆட்களை எண்ணினால் ‘ஒர்த்’, ‘இர்ப்’. நம் ஒருத்தர், இருவர் அப்படியே நிற்கிறார்கள். ‘பர்தன்’ என்றால் வருகிறேன்.

இந்த மொழியை முறையாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் கோஸ்னர் மிஷனரி ஃபெர்டினாண்ட் ஹான். அவருடைய குரூக் இலக்கணம் 1900-இல் வெளிவந்தது. அதில் பதிவான ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. குரூக்கில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மட்டும் பேசும்போது வினைச்சொல்லின் விகுதி மாறும். ‘வருகிறேன்’ என்பதை ஆணிடம் சொல்ல ஒரு வடிவம், தோழியிடம் சொல்ல வேறு வடிவம். யோசித்துப் பாருங்கள்: ஓர் ஆண் ஆய்வாளர் எதிரே உட்கார்ந்து எத்தனை முறை கேட்டாலும் அந்த வடிவம் அவரை நோக்கி வரவே வராது. பெண்கள் தங்களுக்குள் பேசுவது காதில் விழ வேண்டும், அல்லது அவர்களே எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த இலக்கணத்துக்குப் பின்னால் பெயர் பதிவாகாத ஒராவோன் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

முண்டாரி வேறு விதமான சவால். அதை எழுதியவர் ஆல்ஃபிரெட் நோட்ராட். 1867-இல் வந்தவர், 1882-இல் இலக்கணம் வெளியிட்டார், 1895-இல் புதிய ஏற்பாட்டை முண்டாரியில் கொண்டுவந்தார். முண்டாரியில் தண்ணீருக்கு ‘தா’ என்கிறார்கள். ஆனால் வெறும் ‘தா’ என்று சொன்னால் போதாது. உயிரொலியின் முடிவில் தொண்டை சட்டென அடைபட வேண்டும். ஒரு மிடறு தண்ணீரை விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்குமே, அந்த அடைப்பு. மொழியியலில் இதைக் குரல்வளை அடைப்பொலி என்பார்கள். நம் எழுத்திலும் நாகரியிலும் இதற்குக் குறியே கிடையாது. எண்ணுவதோ இருபது இருபதாக: இருபது ‘ஹிசி’, பத்து ‘கெல்’, ஐம்பது என்றால் ‘பர் ஹிசி கெல்’, அதாவது இரண்டு இருபதும் ஒரு பத்தும். வினைச்சொல்லுக்குள் எழுவாயும் செயப்படுபொருளும் சேர்ந்தே உட்காரும். ‘லெல்-கெத்-கோ-அ-இங்’ என்ற ஒரே சொல்லுக்கு ‘நான் அவர்களைப் பார்த்தேன்’ என்று பொருள். பார், இறந்தகாலம், அவர்களை, கூற்றுக்குறி, நான் என்று வரிசை. தமிழின் ‘பார்த்தேன்’ செய்வதைவிட ஒரு படி மேலே.

ஒரு விஷயத்தில் குரூக், முண்டாரி இரண்டுமே தமிழோடு கைகோர்க்கின்றன. கேட்பவரையும் சேர்த்து ‘நாம்’, விலக்கி ‘நாங்கள்’. குரூக்கில் முன்னது நாம், பின்னது ஏம். முண்டாரியில் அபு, அலே. இருவர் மட்டும் என்றால் அலங், அலிங் என்று இன்னும் இரண்டு. ஜெர்மன் மொழியில் இந்தப் பிரிவே இல்லை. ஆகவே மிஷனரி ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கடவுளைத் தகப்பனே என்று அழைக்கும் ஜெபத்தில் விலக்கும் வடிவம்தான் சரி. சேர்க்கும் வடிவத்தைப் போட்டால் கடவுளுக்கும் ஒரு தகப்பன் இருப்பதாக ஆகிவிடும். பிரசங்கத்தில், நாம் எல்லோரும் பாவிகள் என்று சொல்லும்போது விலக்கும் வடிவம் வந்துவிட்டால் சபையார் தப்பித்துக்கொள்வார்கள். இந்தத் தவறுகளைப் பிடிக்கும் காது ஜெர்மானியருக்குப் பிறவியில் கிடையாது. உள்ளூர்ப் பிரச்சாரக்குக்கு உண்டு. ஆக, நூலின் அட்டையில் யார் பெயர் இருந்தாலும், மொழி விஷயத்தில் கடைசிச் சொல் உள்ளூர்க்காரருடையதாகத்தான் இருந்திருக்கும். அதிகாரம் கைமாறும் முன்பே அறிவு கைமாறிவிட்டது.

இத்தனை மொழி இருக்கும் சபை நிர்வாகத்தை எந்த மொழியில் நடத்தியது? இந்தியில். 1872-இல் மிஷன் ‘கர்பந்து’ என்ற இந்திப் பத்திரிகையைத் தொடங்கியது. அது இன்றும் வருகிறது. எந்த ஒரு குழுவின் தாய்மொழியும் மற்றொன்றின்மேல் ஏறாமல் இருக்க இந்தி உதவியது உண்மை. பள்ளியிலும் பீடத்திலும் குரூக்கும் முண்டாரியும் பின்னுக்குப் போக அது காரணமானதும் உண்மை.

மதம் மாறினாலும் மாறாத ஒன்று இருந்தது: குலப்பெயர். சபைத் தலைவர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் ஒரு காடு விரிகிறது. லக்ரா என்றால் புலி. கழுதைப்புலி என்றும் சொல்வார்கள். மிஞ்ச் ஒரு மீன். எக்கா ஆமை. டொப்போ ஒரு பறவை. குஜூர் ஒரு கொடி. ஒரு குலத்தார் தம் குலக்குறி உயிரைக் கொல்லவோ உண்ணவோ கூடாது. ஒரே குலத்துக்குள் மணமுடிக்கக் கூடாது. இந்த மண விதி கிறிஸ்தவ ஒராவோன்களிடமும் தொடர்ந்தது. யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஒரு சொல்லில் சொல்லிவிடும் ஏற்பாடு அது. வேலை தேடி ஆயிரம் கிலோமீட்டர் போனாலும், பெயரைக் கேட்டதும் மணம் பேசலாமா கூடாதா என்று தெரிந்துவிடும்.

இயந்திரம் எப்போதும் சீராக ஓடவில்லை. 1869-இல் மூத்த மிஷனரிகளும் சபையாரில் பலரும் பெர்லினோடு பிணங்கி ஆங்கிலிக்கன் சபைக்குப் போனார்கள். அதே ஆண்டு நிலம் பற்றிய சட்டம் ஒன்று வந்து, பல ஆண்டு அளவை நடந்தும், கூண்ட்கட்டி நிலங்களின் பெரும் பகுதி காப்பாற்றப்படவில்லை. ‘சர்தார்கள்’ என்று அழைக்கப்பட்ட முண்டாத் தலைவர்கள், அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள், மிஷன் தங்கள் நில வழக்கில் கடைசி வரை வரவில்லை என்று கசந்து விலகினார்கள். சாய்பாசாவில் இந்த மிஷனின் பள்ளியில் படித்த ஒரு சிறுவனும் அந்தக் கசப்பில்தான் வெளியேறினான். அவன் பெயர் பிர்சா முண்டா. 1899-1900-இல் அவர் நடத்திய ‘உல்குலான்’ என்ற பெருங்கிளர்ச்சியை அரசு அடக்கியது. 1900 ஜூன் 9 அன்று அவர் ராஞ்சிச் சிறையில் இறந்தார். முதல் நான்கு ஒராவோன்கள் திருமுழுக்குப் பெற்ற நாளிலிருந்து அன்றைக்குச் சரியாக ஐம்பது ஆண்டு. நில உரிமைக்காக ஒரு சாரார் சபைக்குள் வந்தார்கள், ஒரு சாரார் அதே நில உரிமைக்காக வெளியே போனார்கள். 1908-இல் வந்த சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் ஆதிவாசி நிலம் பிறர் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தியது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் பிர்சாவின் போர் இருக்கிறது. மிஷன் வரலாறு எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது.

1920-களில் ஜெர்மானியர்கள் திரும்ப வந்தார்கள். இம்முறை வீட்டுக்காரர்களாக வரவில்லை. ஆதிவாசித் தலைமையின் கீழ் வேலை செய்ய வந்தார்கள். சபைக்குள் பிளவுகள் நின்றுவிடவில்லை. 1970-களின் இறுதியில் ஒராவோன்கள் அதிகமுள்ள பகுதி பிரிந்து வடமேற்கு கோஸ்னர் சபை ஆனது. அதன் பேராயராக இருந்த நிர்மல் மிஞ்ச், 1971-இல் தொடங்கிய ராஞ்சி கோஸ்னர் கல்லூரியின் முதல் முதல்வர். ஆதிவாசி மொழிகளைக் கல்லூரிப் பாடமாக்கப் போராடியவர். குரூக் மொழிப் பணிக்காக சாகித்ய அகாதெமியின் பாஷா சம்மான் பெற்றார். இந்தி பின்னுக்குத் தள்ளிய மொழியை, அதே சபையில் வளர்ந்த ஒருவர் முன்னுக்கு இழுத்து வந்தார்.

சபையின் முழுப்பெயரிலேயே அதன் பயணம் இருக்கிறது: ‘சோட்டாநாக்பூர் மற்றும் அசாம்’. ராஞ்சிக்கும் அசாமுக்கும் என்ன சம்பந்தம்? தேயிலை. நம் கங்காணிகளைப் போல அங்கே ‘ஆர்க்காட்டி’கள் ஊர் ஊராக ஆள்பிடித்து அசாம் தோட்டங்களுக்கு ஏற்றினார்கள். போனவர்களோடு ஜெபப்புத்தகமும் பாட்டும் போயின. லயத்தில் நான்கு குடும்பம் சேர்ந்தால் ஒரு மண்டலி. குருவானவர் வர மாதங்கள் ஆகலாம். பிரச்சாரக் அங்கேயே தேயிலை பறித்துக்கொண்டிருப்பார். மண்டலி என்ற அலகுக்கு ஆலயமோ சம்பளமோ தேவைப்படவில்லை என்பதன் முழுப் பயன் இங்கேதான் தெரிந்தது. 1918 முதல் அந்தமானுக்கு மரம் வெட்டப் போனவர்களை அங்கே ‘ராஞ்சிவாலா’ என்றே அழைத்தார்கள். கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பு திரட்டி அனுப்பிய கூட்டம் அது. பிறகு லுத்தரன்களும் போனார்கள். அங்கேயும் கோஸ்னர் சபைகள் உண்டு.

பாதை இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது. கொச்சியை ஒட்டிய களமசேரி, ஏலூர் தொழிற்பகுதிகளிலும் அப்பால் பெரும்பாவூர் மரத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளர்களில் ஜார்க்கண்ட்காரர்கள் உண்டு. கேரளம் அவர்களை ‘அதிதி தொழிலாளி’, விருந்தினர் என்று அழைக்கிறது. உள்ளூர்க்காரர் அவர்களை ‘இந்திக்காரர்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். அந்தக் கூட்டத்தில் ஓர் ஒராவோன் இருந்தால், அவர் வீட்டு மொழி மலையாளத்துக்கும் தமிழுக்கும்தான் உறவு. மலையாளம் கற்றுக்கொள்ளும்போது ‘ஞங்ஙள்’, ‘நம்மள்’ என்ற வேறுபாட்டை அவருக்கு யாரும் விளக்க வேண்டாம். பக்கத்தில் நின்று வேலை செய்யும் பீகார் நண்பருக்கு விளக்கினாலும் எளிதில் பிடிபடாது.

இந்தப் பாதையில் போனவர்களுக்கு ஒரு பெரிய இழப்பும் நேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பழங்குடிப் பட்டியல் மாநில வாரியாக அமைவது. ஜார்க்கண்டில் முண்டாவும் ஒராவோனும் பட்டியல் பழங்குடியினர். அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அந்தப் பட்டியலுக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். அந்தமான் ராஞ்சிவாலாக்களுக்கும் அதே கதி. அதே குலப்பெயர், அதே மொழி, அதே மண விதி, ஆனால் சான்றிதழ் மட்டும் இல்லை. பட்டியலில் சேர்க்கக் கோரி அசாமில் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். அந்தமானிலும் கேட்கிறார்கள்.